கம்பியில்லா மின்னேற்றத் தரநிலைகள்: வாட் எண்ணும் கருவிகளின் உடன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசிகளைக் கம்பியின்றி மின்னேற்றும் கருவிகள் சந்தையில் வாட் எண்ணைக் கொண்டே அறிமுகப்படுத்தப்படுகின்றன. அவ்வெண் எந்நிலையில் மெய்யாகும், எந்நிலையில் பயனற்றுப் போகும் என்பதை மின்னேற்று மேடையும் பேசியும் ஒருங்கே ஏற்றுள்ள தரநிலை தீர்மானிக்கிறது. மின்காந்தத் தூண்டலின் அடிப்படை, கியூஐ தரநிலையின் செயல்முறை, 2008 முதல் நிகழ்ந்த தரநிலைப் போட்டி, 2023-இல் வெளிவந்த கியூஐ2 தரநிலை, ஆற்றல் இழப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தரநிலை என்பது மின்திறனின் அளவு மட்டுமன்று. இடப்பொருத்தம், தகவல் பரிமாற்றம், பாதுகாப்பு ஆகிய மூன்றன் மீதான உடன்பாடு என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கம்பியில்லா மின்னேற்றம், மின்காந்தத் தூண்டல், தரநிலை, கியூஐ, கியூஐ2, அயற்பொருள் கண்டறிதல், ஆற்றல் இழப்பு.

முன்னுரை

ஐபோன் 14 வகைத் திறன்பேசி 2022-இல் விற்பனைக்கு வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்சேஃப் மின்னேற்றியில் அது 15 வாட் வரை பெற்றது. பொதுவான கியூஐ மேடைகளில் 7.5 வாட் வரையே பெற்றது. அம்மேடைகளுள் சில, வேறு நிறுவனப் பேசிகளுக்கு 15 வாட் வழங்க வல்லவை. 2023 டிசம்பரில் ஐஓஎஸ் 17.2 என்னும் மென்பொருள் பதிப்பு வெளிவந்தபின், அதே பேசி கியூஐ2 தரநிலைக்குரிய பிற நிறுவன மேடைகளிலும் 15 வாட் பெறும் தகுதியை அடைந்தது. பேசியினுள் இருந்த சுருள் மாறவில்லை, மின்கலம் மாறவில்லை, காந்தங்களும் மாறவில்லை. அவ்வாறாயின் மாறியது யாது?

இவ்வினாவிற்கு விடை காண்பதற்குத் தரநிலை என்னும் சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் ‘தரம்’ என்பது உயர்வு, தாழ்வு என்னும் மதிப்பீட்டையும் உடன் கொண்டு வருகிறது. ‘முதல் தரம்’, ‘தரமற்றது’ என்பன நாள்தோறும் வழங்கும் தொடர்கள். ஆகவே ‘தரநிலை’ என்றவுடன் ஒரு பொருளின் மேன்மையைக் குறிப்பதாகவே கொள்ளும் இயல்பு உண்டு. தொழில்நுட்பத்தில் இச்சொல் குறிப்பது வேறு. ஒருவரையொருவர் அறியாத இரு நிறுவனங்கள் தனித்தனியே உருவாக்கிய இரு கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்கான பொது வரையறையே அது. இக்கட்டுரையில் அச்சொல் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது. மின்னாற்றலை வழங்கும் கருவி ‘செலுத்தி’ எனவும், பேசியினுள் அமைந்து அதனைப் பெறும் பகுதி ‘ஏற்பி’ எனவும் குறிக்கப்பெறுகின்றன.

‘கியூஐ’ என்னும் பெயருக்கும் விளக்கம் தேவை. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்ட இப்பெயரின் ஒலிப்பு ‘சீ’ என்பதாகும். தமிழில் அது இகழ்ச்சிக் குறிப்பாகவும் வாசிக்கப்படும் என்பதால், எழுத்துகளைத் தனித்தனியே ஒலிக்கும் வடிவம் இங்குப் பின்பற்றப்படுகிறது.

தூண்டல் என்னும் அடிப்படை

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே கம்பியில்லா மின்னேற்றத்தின் அடிப்படை. ஒரு சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அதனைச் சுற்றி மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் தோன்றும். அப்புலத்தினுள் வைக்கப்பட்ட மற்றொரு சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். செலுத்தி, மின்தகவமைப்பியிலிருந்து பெறும் நேர்திசை மின்னோட்டத்தை உயர் அதிர்வெண் கொண்ட மாறுதிசை மின்னோட்டமாக மாற்றித் தன் சுருளுக்கு அனுப்புகிறது. ஏற்பியின் சுருளில் தூண்டப்படும் மின்னோட்டம் மீண்டும் நேர்திசையாக்கப்பட்டு, ஒழுங்குபடுத்தப்பட்டு, மின்கலத்தை அடைகிறது.

மின்மாற்றியும் இதே நெறியில் இயங்குவதுதான். எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மின்மாற்றியின் இரு சுருள்களும் ஒரே உள்ளகத்தில் நிலையாகச் சுற்றப்பட்டவை. ஒன்றில் தோன்றும் காந்தப் பாயம் ஏறக்குறைய முழுமையாக மற்றதைச் சென்றடையும். மின்னேற்று மேடையிலோ, பாதிச் சுருள் ஒரு நிறுவனத்தின் மேடையிலும் மறுபாதி மற்றொரு நிறுவனத்தின் பேசியிலும் இருக்கின்றன. அவ்விரண்டையும் சேர்த்து வைப்பது பயனரின் கை. பேசி சில மில்லிமீட்டர் விலகினாலும், இடையில் தடித்த உறை இருந்தாலும், சுருள்களுக்கிடையேயான பிணைப்பு குறையும். சுருளின் பின்புறம் பொருத்தப்படும் ஃபெரைட் தகடு, காந்தப் பாயத்தை வேண்டிய திசையில் நெறிப்படுத்தவும், பேசியின் பிற உலோகப் பகுதிகள் சூடாகாமல் காக்கவும் உதவுகிறது.

இங்கு ஒரு பொதுத் தவறெண்ணத்தைக் களைதல் வேண்டும். ‘கம்பியில்லா’ என்னும் அடைமொழி, வானொலி அலைபோல் ஆற்றல் வெளியெங்கும் பரவுவதாக எண்ண வைக்கிறது. கியூஐ மேடைகள் பல இயங்கும் 128 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்ணின் அலைநீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர். சில சென்டிமீட்டர் விட்டமுடைய சுருள் அத்தகைய அலையைத் திறம்பட வீசவல்ல அலைவாங்கி ஆகாது. இங்கு நிகழ்வது அலை பரவல் அன்று; சுருளை ஒட்டிய அண்மைப் புலத்தின் வழியாக நிகழும் ஆற்றல் கைமாற்றமே ஆகும். தொலைவு கூடினால் இது விரைந்து நலிவதும் இதனாலேயே.

கருவிகள் நிகழ்த்தும் உரையாடல்

வெறும் தூண்டலுக்குத் தரநிலை தேவையில்லை. இரு சுருள்கள் போதும். ஆனால், மேடையின்மீது வைக்கப்பட்டது பேசியா, சாவிக்கொத்தா என்பதைச் சுருள் தானே அறியாது. மின்கலத்திற்கு எவ்வளவு வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் அது அறியாது. இந்த அறிவைத் தருவதே தரநிலையின் பணி.

கியூஐ முறையில் இவ்வுரையாடல் படிப்படியாக நிகழ்கிறது. மேடை முதலில் ஏதேனும் ஒரு பொருள் வைக்கப்பட்டுள்ளதா என்று குறைந்த ஆற்றலில் சோதிக்கும். பொருள் இருப்பது தெரிந்தால், ஏற்பியை விழிப்பிக்கும் அளவிற்குச் சிறிது நேரம் ஆற்றல் அனுப்பும். ஏற்பி விழித்தெழுந்து தன் இருப்பையும் அடையாளத்தையும் தேவையையும் தெரிவிக்கும். குறித்த காலத்திற்குள் மறுமொழி வாராவிடில், மேடை ஆற்றலை நிறுத்திவிடும். சாவிக்கொத்து விடை கூறாது. ஆகவே அதற்கு மின்னாற்றல் தொடர்ந்து செல்லாது.

ஏற்பி பேசும் முறையும் நுட்பமானது. இதற்கென அது தனி வானொலிக் கருவி எதனையும் பயன்படுத்துவதில்லை. தன் மின்சுமையைச் சிறிதளவு கூட்டியும் குறைத்தும் மாற்றுகிறது. அம்மாற்றம் அதே காந்தப் பிணைப்பின் வழியாகச் செலுத்தியின் சுருளில் சிறு அதிர்வாக எதிரொலிக்கிறது. நொடிக்கு 2000 பிட் என்னும் மெதுவான வேகத்தில் இத்தகவல் செல்கிறது. மின்னேற்றம் நடைபெறும் நேரம் முழுவதும், ‘இன்னும் கூட்டுக’, ‘சற்றுக் குறைக்க’ என்னும் பிழைதிருத்தச் செய்திகளை ஏற்பி இடையறாது அனுப்புகிறது. செய்தி நின்றால் ஆற்றலும் நிற்கும். இவ்வமைப்பில் கட்டளையிடும் உரிமை பேசிக்கே உரியது என்பது கருதத்தக்கது.

5 வாட் வரையிலான அடிப்படைத் திறன் வகையில் இப்பேச்சு ஒருவழிப்பட்டது. 2015-இல் 15 வாட் வரை விரிவாக்கப்பட்ட திறன் வகையில், செலுத்தியும் தன் அதிர்வெண்ணைச் சிறிது மாற்றி ஏற்பிக்கு விடையளிக்கிறது. இருவரும் பேசி, எவ்வளவு திறன் உறுதியாக வழங்கப்படும் என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். ஒப்பந்தம் கைகூடாவிடில், மேடை 15 வாட் வல்லமை உடையதாயினும் அடிப்படை நிலையிலேயே மின்னேற்றம் நிகழும். முன்னுரையில் எழுப்பிய வினாவிற்கு விடை இங்கேயே உள்ளது. ஐபோன் 14-இல் மாறியது வன்பொருள் அன்று. எந்தெந்த மேடைகளோடு எத்தகைய ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்னும் அனுமதி. வாட் எண் கருவிக்குள் உறைந்திருக்கும் பண்பன்று. இரு கருவிகளுக்கிடையே எட்டப்படும் உடன்பாட்டின் விளைவு.

அயற்பொருள் கண்டறிதல்

பேசிக்கும் மேடைக்கும் இடையில் ஒரு நாணயம் சிக்கிக்கொண்டால், மாறும் காந்தப்புலம் அதனுள் சுழல் மின்னோட்டத்தை உருவாக்கி அதனைச் சூடாக்கும். இதனைத் தடுப்பதற்கு ஓர் எளிய கணக்கு பயன்படுகிறது. தான் பெற்ற திறன் எவ்வளவு என்பதை ஏற்பி தெரிவிக்கிறது. தான் அனுப்பிய திறனிலிருந்து அதனைச் செலுத்தி கழித்துப் பார்க்கிறது. இயல்பான இழப்பைவிட வேறுபாடு மிகுந்தால், அந்த ஆற்றலை வேறொரு பொருள் உட்கொள்கிறது என்று முடிவு செய்து நிறுத்துகிறது.

இக்கணக்கின் வரம்பைப் பின்வரும் எடுத்துக்காட்டு உணர்த்தும். அளவீட்டில் 5 விழுக்காடு பிழை உள்ளதாகக் கொள்வோம். 5 வாட் மின்னேற்றத்தில் அப்பிழை 0.25 வாட், 15 வாட் மின்னேற்றத்தில் 0.75 வாட். திறன் உயர உயர, சிறு நாணயம் உட்கொள்ளும் ஆற்றல் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். இதனால்தான் உயர்திறன் வகையில் மின்னேற்றத்திற்கு முன்னரே சுருளின் தரக்காரணியை அளந்து அயற்பொருளை அறிதல், தொடக்கத்தில் அளவீடுகளைச் சீர்செய்தல் ஆகிய கூடுதல் படிகள் சேர்க்கப்பட்டன. 2021-இல் வெளிவந்த கியூஐ 1.3 பதிப்பில், செலுத்தி சான்றிதழ் பெற்ற கருவிதானா என்பதைப் பேசி இலக்கமுறைச் சான்றிதழ் மூலம் சரிபார்க்கும் முறையும் இணைந்தது. மின்திறனை உயர்த்துவதற்கு முன் நம்பகத்தை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே இவ்வளர்ச்சியின் சாரம்.

தரநிலைகளின் போட்டி

வயர்லெஸ் பவர் கன்சார்டியம் என்னும் தொழில்துறைக் கூட்டமைப்பு 2008-இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் கியூஐ 1.0 பதிப்பு 2010-இல் வெளிவந்தது. இதற்கிடையே 2009-இல் பாம் நிறுவனம் தன் பிரீ பேசிக்கென டச்ஸ்டோன் என்னும் தூண்டல் மின்னேற்றியை விற்றது. அது அந்நிறுவனத்தின் கருவிகளுக்கு மட்டுமே உரியது. 2012-இல் நோக்கியா லூமியா 920, கூகுள் நெக்சஸ் 4 ஆகிய பேசிகள் கியூஐ தரநிலையை ஏற்று வந்தன.

அதே 2012-இல் இரண்டு மாற்று அணிகள் உருவாயின. பவர்மேட், புராக்டர் அண்ட் கேம்பிள் ஆகிய நிறுவனங்கள் முன்னின்று தொடங்கிய பவர் மேட்டர்ஸ் அலையன்ஸ் ஓர் அணி. இதுவும் தூண்டல் முறையையே பின்பற்றியது; ஆயினும் 277 முதல் 357 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணைத் தேர்ந்தது. சாம்சங், குவால்காம் முதலியன இணைந்த அலையன்ஸ் ஃபார் வயர்லெஸ் பவர் மற்றோர் அணி. இது 6.78 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு முறையைக் கையாண்டது. ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்ட சுருள்கள், பிணைப்பு தளர்ந்திருந்தாலும் ஆற்றலைக் கைமாற்ற இயலும். ஆகவே பேசியைத் துல்லியமாக வைக்கும் தேவை குறைந்தது. தகவல் பரிமாற்றத்திற்குப் புளூடூத் பயன்பட்டது.

இயற்பியல் நோக்கில் மூன்றுமே இயங்கக்கூடியவை. எனினும் ஓர் அணியின் மேடை மற்றோர் அணியின் பேசிக்கு உதவவில்லை. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2014-இல் அமெரிக்கக் கிளைகளில் பவர்மேட் மேடைகளை நிறுவத் தொடங்கியது. கியூஐ பேசியோடு அங்குச் செல்பவருக்கு இணைப்புக் கருவி ஏதுமின்றி அம்மேடை வெறும் மேசையே. 2015-இல் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ்6, கியூஐ, பவர் மேட்டர்ஸ் ஆகிய இரு தரநிலைகளையும் ஒருங்கே ஏற்றது. போட்டியின் சுமையைப் பேசியே தாங்கியதற்கு இது சான்று. அவ்வாண்டிலேயே மாற்று அணிகள் இரண்டும் இணைந்து ஏர்ஃபியூயல் அலையன்ஸ் ஆயின.

2017 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 8, ஐபோன் 10 ஆகியவற்றில் கியூஐ முறையை ஏற்றது. 2018 சனவரியில் பவர்மேட் நிறுவனமே கியூஐ கூட்டமைப்பில் இணைந்தது. போட்டியைத் தீர்த்தது ஒரு முறையின் தொழில்நுட்ப மேன்மை மட்டுமன்று. எத்தனை பேசிகள் அம்முறையில் பேசுகின்றன என்பதே பெரிதும் தீர்த்தது. ஒரு மொழியின் பயன் அதனைப் பேசுவோர் தொகையால் பெருகுவது போன்றதே இது.

காந்தமும் கியூஐ2 தரநிலையும்

அணிகளின் போட்டி ஓய்ந்தபின்னும், பேசியை மேடையில் சரியாக வைத்தல் என்னும் இடப்பொருத்தச் சிக்கல் எஞ்சியிருந்தது. இதற்கு இருவேறு தீர்வுகள் முயலப்பட்டன. முதலாவது, மேடையில் பல சுருள்களை அடுக்கி, பேசி எங்கு வைக்கப்பட்டாலும் அதற்கு நேரான சுருளை இயக்குதல். ஆப்பிள் 2017-இல் அறிவித்த ஏர்பவர் மேடை, மூன்று கருவிகளை ஒரே நேரத்தில் விரும்பிய இடத்தில் வைத்து மின்னேற்றும் நோக்குடையது. அது விற்பனைக்கு வராமலே 2019 மார்ச்சில் கைவிடப்பட்டது.

இரண்டாவது தீர்வு எளியது. விரும்பிய இடத்தில் வைக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, சரியான இடத்திற்குக் காந்தத்தால் ஈர்த்துக்கொள்ளுதல். 2020-இல் ஐபோன் 12 வகையோடு வந்த மேக்சேஃப் இதனைச் செய்தது. சுருளைச் சூழ்ந்த காந்த வளையம் இரு சுருள்களின் மையங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியது. ஆயினும் அது ஒரு நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது.

2023 சனவரியில் வயர்லெஸ் பவர் கன்சார்டியம் கியூஐ2 தரநிலையை அறிவித்தது. மேக்சேஃப் நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட காந்தத் திறன் வகை அதன் உயிர்நாடி. ஆப்பிளும் உறுப்பினராக இருந்து இதன் உருவாக்கத்தில் பங்கேற்றது. இவ்வகை, முந்தைய கியூஐ முறையினும் உயர்ந்த 360 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் திறனை வழங்குகிறது. அதிகபட்சத் திறன் 15 வாட். அஃதாவது முந்தைய விரிவாக்கப்பட்ட வகையின் உச்ச எண்ணே. வாட் எண்ணை மட்டும் நோக்குவோர்க்கு 2015-க்கும் 2023-க்கும் இடையே முன்னேற்றமே இல்லை என்று தோன்றும். உண்மையில் அவ்வெண் நடைமுறையில் எட்டப்படுவதற்கான நிலைமையே மாறியது. 2025-இல் 25 வாட் வகை வந்தது. இடப்பொருத்தம் உறுதியான பின்னரே திறன் உயர்ந்தது என்னும் வரிசை கவனத்திற்குரியது.

காந்தம் புதிய எச்சரிக்கையையும் கொணர்ந்தது. இதயமுடுக்கி முதலிய உடற்பதிவுக் கருவிகளை உடையோர், இத்தகைய பேசியையும் மின்னேற்றியையும் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேலும், கம்பியில்லா மின்னேற்றம் நடைபெறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேலும் விலக்கி வைக்குமாறு ஆப்பிள் நிறுவனம் அறிவுறுத்துகிறது.

தனியுடைமை வேகங்கள்

பொதுத் தரநிலைக்கு வெளியே, உயர்ந்த வாட் எண்களும் உள்ளன. ஒன்பிளஸ் 8 புரோ 2020-இல் 30 வாட் கம்பியில்லா மின்னேற்றத்துடன் வந்தது. அடுத்த ஆண்டின் 9 புரோ 50 வாட் என்றது. இவ்வேகங்கள் அந்நிறுவனத்தின் மேடையோடும் அதற்குரிய தகவமைப்பியோடும் சேரும்போதே கிட்டும். வேறு மேடையில் அதே பேசி பொதுத் தரநிலையின் அளவிற்கு இறங்கிவிடும். சீனாவில் 2024 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், கையடக்கக் கருவிகளின் கம்பியில்லா மின்னேற்றத்திற்கு 80 வாட் உச்சவரம்பு விதித்துள்ளன.

கம்பிவழி மின்னேற்றத்தில் அரசுகள் நேரடியாகத் தலையிட்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய திறன்பேசிகளுக்கு யுஎஸ்பி-சி பொருத்துவாய் கட்டாயமாயிற்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 சனவரியில் அப்பொருத்துவாய்க்கான இந்தியத் தரநிலையை அறிவித்தது. கம்பியில்லா மின்னேற்றத்தில் ஒருமைப்பாடு இதுகாறும் பெரிதும் தொழில்துறையின் தன்னுடன்பாட்டினாலேயே எட்டப்பட்டுள்ளது என்பது இவற்றோடு ஒப்பிட வேண்டிய வேறுபாடாகும்.

ஆற்றல் இழப்பு

தகவமைப்பி, மாறுதிசையாக்கம், சுருள்கள், நேர்திசையாக்கம், மின்னழுத்த ஒழுங்கு ஆகிய ஒவ்வொரு படியிலும் சிறிது ஆற்றல் வெப்பமாகிறது. ஒரு கணக்கீட்டால் இதனை விளக்கலாம். 4000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவும் 3.85 வோல்ட் மின்னழுத்தமும் உடைய மின்கலம் ஏறத்தாழ 15.4 வாட்-மணி ஆற்றலைக் கொள்ளும். மொத்தத் திறன்விகிதம் 80 விழுக்காடு எனக் கொண்டால், அதனை நிரப்பச் சுவரிலிருந்து 19.3 வாட்-மணி வேண்டும். 60 விழுக்காடு எனக் கொண்டால் 25.7 வாட்-மணி வேண்டும். நாளொன்றுக்கு ஒருமுறை முழுமையாக நிரப்பினால், ஆண்டிற்கு ஏறத்தாழ 2.3 யூனிட் வேறுபாடு.

ஒரு வீட்டின் மின்கட்டணத்தில் இது புலப்படாது. 10 கோடிப் பேசிகளுக்கு இதே கணக்கைப் பொருத்தினால் ஆண்டிற்கு 23 கோடி யூனிட் ஆகும். இவை எடுத்துக்கொண்ட விகிதங்களைச் சார்ந்த எண்களேயாயினும், இடப்பொருத்தம் தனியொருவரின் வசதி பற்றியது மட்டுமன்று என்பதை உணர்த்தப் போதுமானவை. இழக்கப்படும் ஆற்றலின் ஒரு பகுதி பேசியையே சூடாக்குகிறது. லித்தியம்-அயனி மின்கலம் வெப்பத்தில் விரைந்து முதுமையுறும். ஆகவே சூடு மிகுந்தால் பேசி தானே திறனைக் குறைத்துக் கேட்கும். பெட்டியில் உள்ள வாட் எண் மின்னேற்றம் முழுவதும் நீடிக்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பயனர்க்கும் நிறுவனங்களுக்கும்

மேற்கண்ட விளக்கத்திலிருந்து, மின்னேற்று மேடையை மதிப்பிட நான்கு வினாக்கள் கிடைக்கின்றன. முதலாவது, மேடையும் பேசியும் ஏற்கும் பொதுவான திறன் வகை எது? இருவர் எண்களுள் சிறியதே எல்லை. பொது வகை இல்லையேல் அதற்கும் கீழே இறங்கும். இரண்டாவது, மேடைக்கு மின்சாரம் தரும் தகவமைப்பி போதிய திறனுடையதா? பழைய 5 வாட் தகவமைப்பியில் இணைத்த 15 வாட் மேடை 15 வாட் தர இயலாது. மூன்றாவது, இடப்பொருத்தம் காந்தத்தால் உறுதிசெய்யப்படுகிறதா, பயனரின் கையை நம்பியுள்ளதா? நான்காவது, கருவி சான்றளிக்கப்பட்டதா? ‘கியூஐ முறையில் இயங்கும்’ என்பது விற்பவரின் கூற்று. ‘கியூஐ சான்று பெற்றது’ என்பது ஆய்வகச் சோதனையின் முடிவு. சான்று பெற்றவற்றின் பட்டியலைக் கூட்டமைப்பு பொதுவில் வைத்துள்ளதால், ஒரு கருவியின் பெயரை அதில் தேடிச் சரிபார்க்கலாம். அயற்பொருள் கண்டறிதல் போன்ற பாதுகாப்புக் கூறுகளைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. சான்று ஒன்றே அவற்றின் அடையாளம்.

நூலகம், விடுதி, பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களில் மேடை அமைக்கும் நிறுவனங்களுக்கு இவ்வினாக்கள் மேலும் இன்றியமையாதவை. அங்கு வரும் பேசிகள் எந்நிறுவனத்தினவாகவும் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் 50 வாட் மேடையைவிட, எல்லாப் பேசிகளும் புரிந்துகொள்ளும் சான்று பெற்ற 15 வாட் மேடையே அங்குப் பயன் மிகுதியாகத் தரும்.

முடிவுரை

கம்பியில்லா மின்னேற்றத்தின் வரலாற்றில் தூண்டல் நெறி மாறவில்லை. மாறியவை அந்நெறியைச் சூழ்ந்த உடன்பாடுகள். கியூஐ 1.0 பொது உரையாடலை வகுத்தது, விரிவாக்கப்பட்ட வகை அதனை இருவழி ஒப்பந்தமாக்கியது, 1.3 பதிப்பு அடையாளத்தை உறுதிசெய்தது. கியூஐ2 இடத்தை உறுதிசெய்தது. ஒவ்வொரு கட்டத்திலும் வாட் எண் இவ்வுடன்பாடுகளைப் பின்தொடர்ந்தே உயர்ந்துள்ளது. தனியுடைமை முறைகள் எண்ணில் முந்துகின்றன. ஆனால் ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. பேசி மாறும்போது மேடையும் பயனற்றுப் போவது மின்னணுக் கழிவைப் பெருக்கும். ஆகவே ஒரு மின்னேற்று மேடையைத் தேர்வோர் ‘எத்தனை வாட்’ என்று கேட்பதற்கு முன், ‘எந்தத் தரநிலையின்படி, எந்தப் பேசியோடு’ என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கும்போதே பெட்டியின்மீது அச்சிட்ட எண் பொருளுடையதாகிறது.